கீழே கிடக்கும் வாள்

— பேனாவை உள்ள வை ஸுப்ரியா. சாஸ்தா விளக்கு எரியற நம்ம சமூகம் ஹாலாக்கும் இது. இங்க வெச்சு ஆஸ்பத்திரிக் காகிதத்துல யாரும் கையெழுத்துப் போடப் போறதில்லை.

— விளக்கு பாட்டுக்கு எரியட்டும் மாமா, யாரு வேண்டாம்னா? நான் உங்ககிட்டக் கேக்கவே இல்லை. அம்மாகிட்டக் கேக்கறேன். அம்மா, இந்தா. மூணு இடம். பென்சிலால கோடு போட்டு வெச்சிருக்கேன் பார்.

— அக்கா, வாங்காதே. சித்த இரு.

— சித்த இருக்க நேரமில்லை! மணி ஒம்பது நாப்பது. அப்பாவுக்கு நேத்து இதே ஹால்ல மூளையில குழாய் வெடிச்சது பதினொண்ணு பத்துக்கு. இன்னிக்குப் பதினொண்ணு பத்தோட இருபத்துநாலு மணி நேரம் ஆறது. அதுக்குள்ள மண்டையில சின்னதா ஒரு ஓட்டை போட்டு, உள்ள கட்டிண்டு நிக்கற ரத்தத்தை உறிஞ்சி எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லியாச்சு. தியேட்டர் ரெடி. மயக்கம் குடுக்கற டாக்டர் வந்தாச்சு. அத்தனை பேரும் கையைக் கட்டிண்டு நிக்கறா. எதுக்கு? ‘ஆத்துக்காரி சம்மதிக்கலை, நிறுத்துங்கோ’ன்னு காலம்பற ஏழு மணிக்கு ஒருத்தர் போன் பண்ணியிருக்கார். நான் போட்ட கையெழுத்தைத் திருப்பிக் கையில குடுத்துட்டா. யாரு மாமா அந்த ஒருத்தர்?

— நானாக்கும். ஒளிச்சு மறைச்சா பேசினேன்? ‘சமூகம் செக்ரட்டரி வெங்கிடாசலம், ராமபத்ரனோட மச்சினன்’னு பேரைச் சொல்லித்தான் பேசினேன். நிறுத்துன்னா சொன்னேன்? மத்தியானம் வரைக்கும் பொறுங்கோன்னு சொன்னேன். அவ்வளவுதான்.

— எதுக்குப் பொறுக்கணும்?

— பாலக்காட்டுலேர்ந்து சாஸ்திரிகள் கார்ல வந்துண்டிருக்கார். பதினொண்ணரைக்கு இங்க மலையேத்தம், அய்யனை வழியனுப்பற பூஜை. அது முடிஞ்சப்பறம் அவா கத்தி வெக்கட்டும், ஓட்டை போடட்டும், என்ன வேணா பண்ணட்டும்.

— நான் பதினொண்ணு பத்துங்கறேன். நீங்க பதினொண்ணரைங்கறேள்.

— இருபது நிமிஷமாக்கும் வித்தியாசம்.

— நேத்து நாப்பது நிமிஷம், இன்னிக்கு இருபது நிமிஷம். அதுக்கு மேல பூஜை ஒரு மணி நேரம், தோப்பும்படி பாலத்துல பிளாக் அரை மணி நேரம். எங்கப்பாவை இப்படியே துளித்துளியாத் தீத்துடுங்கோ மாமா. நன்னா இருப்பேள்.

— வாயை அடக்குடீ! யாரைப் பாத்து என்ன பேச்சுப் பேசறே? ஆட்டோல சுள்ளிக்கல் தாண்டி, பாலம் தாண்டி, அத்திம்பேர் தலையை என் மடியில வெச்சிண்டு போனது நானாக்கும். என் வேஷ்டி பூரா வாந்தி. இதோ இன்னும் அதே வேஷ்டிதான். மாத்தக்கூடத் தோணலை எனிக்கு.

— கொண்டு போனேள். எப்போ? பதினொண்ணு அம்பதுக்கு. அதுவரைக்கும் என்ன பண்ணிண்டிருந்தேள்? சொல்லுங்கோ. அம்மா முன்னாடி சொல்லுங்கோ.

— உங்கம்மா இங்கேதானே இருந்தா? அந்த மூணாவது தூண்கிட்டக் கிண்டிச் செம்பைப் பிடிச்சிண்டு நின்னா. அவளுக்குத் தெரியாததா?

— அம்மா, நீயாவது வாயைத் திறயேன்.

— சாயா குடிச்சயாடி?

— சாயாவா! அப்பா அங்க மூக்குல குழாயோட கிடக்கார். உனக்குச் சாயா!

— ராத்திரி முழுக்க ஐசியு வாசல்ல நின்னிருக்கே. அதான் கேட்டேன்.

— அக்காவைப் படுத்தாதே. அவளை விடிகாலம்பற நாந்தான் கூட்டிண்டு வந்தேன். அவ வந்தாத்தானே ஆகும். அந்தக் கிண்டி ஜலத்தை அவதானே விடணும்.

— எது மேல? அந்த வாள் மேலயா?

— தொடாதே! தள்ளி நில்லு ஸுப்ரியா. சுத்திக் கோலம் போட்டிருக்கு பாத்தயோ? நேத்து விழுந்த இடத்துலேயே கிடக்கு. யாரும் தொடலை. தொடப்படாது.

— ஏன்?

— ஏன்னா கேக்கறே? இந்தாத்துப் பொண்ணுதானே நீ? சாஸ்தா பிரீதில அய்யன் வந்து சாமியாடற வெளிச்சப்பாடு மேல இறங்கினா வாள் வலது கையில இருக்கும். போறும், நான் கிளம்பறேன்னு அய்யனுக்குத் தோணித்துன்னா வாளை இடது கைக்கு மாத்துவார். அதாக்கும் அடையாளம். அப்போ ஆத்துக்காரி கிண்டி ஜலத்தைக் கொண்டு வந்து பாதத்துல விடணும். விட்டா அய்யன் மலையேறுவார். அத்திம்பேர் வெளிச்சப்பாடாத் துள்ள ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான். நேத்து வாள் கைமாறலை. கீழே விழுந்துடுத்து. அப்போ என்ன அர்த்தம்? அய்யன் இன்னும் இறங்கிப் போகலை. அந்த உடம்புல இருக்கார். அய்யன் இருக்கற உடம்புல இரும்பை வெக்கச் சொல்றயே, உனக்குப் பயமா இல்லையா?

— வாள் ஏன் விழுந்ததுன்னு நான் சொல்லட்டுமா? மூளையில இடது பக்கம் குழாய் வெடிச்சா வலது கை போயிடும். விரல்ல பிடி நிக்காது. அதான் விழுந்தது. அய்யனும் இல்லை, அடையாளமும் இல்லை.

— அவர் பேசினாராக்கும்! தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. நாங்க யாரும் கேட்டதில்லை அப்படி ஒரு பாஷை. இருபத்திரண்டு வருஷத்துல அய்யன் வாயிலேர்ந்து இப்படி ஒரு கல்பனை, இப்படி ஒரு உத்தரவு வந்ததில்லை. ஹால் முழுக்க சரணம் விளிச்சு விழுந்து கும்பிட்டா.

— பேச்சும் இடது பக்கம்தான் மாமா இருக்கு. அந்த இடத்துல ரத்தம் புகுந்தா வார்த்தை எல்லாம் உடைஞ்சு கலைஞ்சு வரும். நீங்க கும்பிட்டது அதை. எங்கப்பா பேச முடியாமத் தவிச்சிண்டிருந்தார், நீங்க எல்லாரும் கையைக் கூப்பிண்டு அர்த்தம் கேட்டிண்டிருந்தேள்!

— நீ பாத்தயா? நீ கோயம்புத்தூர்ல இருந்தே.

— பாத்தேன். உங்க சாய்கிருஷ்ணா வீடியோ போட்டானே குரூப்ல. ‘அபூர்வ தரிசனம்’னு எழுதி, கும்பிடற கை பன்னெண்டு. பதினொண்ணு பதினேழுக்கு லேப்ல நின்னிண்டு பாத்தேன். அப்பா வாய் வலது பக்கம் தொங்கறது. வலது கால் இழுக்கறது. கீழே விழுந்த வாளை இடது கையால தடவித் தடவித் தேடறார். உங்களுக்குப் பதினோரு தடவை கூப்பிட்டேன் மாமா. அம்மாவுக்கு ஆறு. சந்தீப்புக்கு, கோவிந்த் அண்ணாவுக்கு, ஒருத்தர் விடலை. எல்லாம் ஸ்விட்ச் ஆஃப்.

— பூஜை நேரத்துல மொபைலை எல்லாம் பெட்டியில போட்டுப் பூட்டிடறது. கமிட்டி தீர்மானமாக்கும். பாட்டு நடுவுல மணி அடிக்கறதுன்னு போன வருஷம் எல்லாரும் சேந்துதான்...

— வீடியோ எடுக்கறவனுக்கு மட்டும் மொபைல் உண்டு. அவன் நம்பர் என்கிட்ட இல்லை. குரூப்ல எழுதினேன், ‘இது ஸ்ட்ரோக், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ’ன்னு. பெட்டிக்குள்ள கிடக்கற மொபைல் யாருக்குப் படிச்சுக் காட்டும்?

— எனிக்கு எப்படிடீ தெரியும்? நீயே சொல்லு. வருஷா வருஷம் நடுங்குவார். வருஷா வருஷம் கண்ணு மேல போகும். வாயில நுரை வரும். எல்லாம் அதே மாதிரிதான். நேத்து வாந்தி எடுத்தப்பறம்தான் எனிக்கு என்னவோ போல இருந்தது. அந்த நிமிஷமே தூக்கிட்டேன். கேட்டயோ? அந்த நிமிஷமே.

— நேத்துத் தெரியலை. சரி, ஒத்துக்கறேன். இன்னிக்குத் தெரியுமே? ஸ்கேன் பாத்தாச்சே? இன்னிக்கும் வாளைச் சுத்திக் கோலம் போட்டிண்டு உக்காந்திருக்கேளே, அதுக்கு என்ன பதில்?

— போனது போயாச்சும்மா. குழாய் வெடிச்சாச்சு, செத்தது செத்தாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல புதுசா என்ன போயிடப் போறது? அய்யனை வழியனுப்பிட்டு நிதானமா...

— செத்தது செத்தாச்சா? உங்களுக்கு யார் சொன்னா? மூளையில குழாய் வெடிச்ச நிமிஷமே எல்லாம் செத்துடும்னா நினைச்சிண்டிருக்கேள்? அதுதான் இல்லை. நடுவுல கொஞ்சம் செத்துடுத்து, அதை நான் கேக்கலை. மண்டை எலும்புக்குள்ள விரிய இடம் கிடையாது. வந்த ரத்தம் சுத்தி இருக்கறதை நெருக்கறது. நெருங்கின இடத்துக்கு நல்ல ரத்தம் போறதில்லை, மூச்சு முட்டிச் சாகறது. அது முதல் சாவு. அதுக்கு உங்க நாப்பது நிமிஷம் நன்னா ஒத்தாசை பண்ணித்து. பிரஷர் இருநூத்தி இருபது. அதோட நிக்க வெச்சு உடுக்கு அடிச்சேள். கசிவு பெரிசாயிண்டே போச்சு.

— ஐயோ, சாஸ்தாவே.

— இருங்கோ, முடிக்கலை. ரெண்டாவது சாவு இப்போ நடந்திண்டிருக்கு. நாம இங்க நின்னு பேசறச்சே நடக்கறது. குழாய்க்குள்ள ஓடற வரைக்கும்தான் அது ரத்தம். வெளியில வந்து கட்டிண்டு நின்னா, சிவப்பு அணு ஒண்ணொண்ணா உடைய ஆரம்பிக்கும். உடைஞ்சா உள்ள இருக்கற இரும்பு வெளியில வரும்.

— மூளைக்குள்ள இரும்பா? என்ன பேத்தறே?

— முருங்கைக்கீரை சாப்பிடு, இரும்புச் சத்துன்னு என்னை விரட்டுவேளே சின்ன வயசுல, அதே இரும்பு. அணுவுக்குள்ள பொட்டலமா இருக்கற வரைக்கும் நமக்கு மூச்சைச் சுமந்துண்டு வரும். பொட்டலம் அவிழ்ந்து கொட்டினா விஷம். மூளையில ஒவ்வொரு செல்லையும் சுத்தி மெல்லிசா ஒரு கொழுப்புத் தோல் இருக்கு. இந்த இரும்பு போய் அந்தத் தோலைத் துருப்பிடிக்க வைக்கும். ஜெட்டிகிட்ட அந்தப் பழைய கேட்டு உப்புக் காத்துல எப்படி உதிர்றது, அதே மாதிரி. தோல் கிழிஞ்சா அந்த செல் முடிஞ்சுது. அது சும்மாவும் சாகாது. உள்ள இருக்கறதைப் பக்கத்துல கொட்டிட்டுச் சாகும். அதுல பக்கத்து செல் துடிச்சுச் சாகும். குப்பை அள்ளறதுக்குன்னு சில செல் வரும். அதுங்க வந்த வேகத்துல நல்லதையும் சேத்து அடிச்சுடும். சுத்தி வீங்கும். இதெல்லாம் ஒரு மணியில முடியற காரியம் இல்லை. மூணு நாள், ஏழு நாள், பத்து நாள் நடக்கும். நேத்து விழுந்த மனுஷனுக்கு இன்னிக்குத்தான் ஆரம்பம். அந்த ரத்தக் கட்டியை இப்பவே எடுத்துட்டா, கொட்டற இரும்பாவது குறையும். சுத்தி இன்னும் உயிரோட இருக்கறது பொழைக்கலாம். புரியறதா? அப்பா செத்து முடியலை. செத்துண்டிருக்கார். செத்துண்டிருக்கற மனுஷனைப் பிடிச்சு இழுக்கலாம் மாமா!

— நீ டாக்டரா? பெரிசா டாக்டர் மாதிரிப் பேசறே. கண்ணாடித் துண்டுல சதையை ஒட்டற உத்தியோகம்தானே உனக்கு?

— ஆமா, ஒட்டற உத்தியோகம்தான். செத்துப் போனவாளோட மூளையை மெழுகுல வெச்சு, மெல்லிசாச் சீவி, கண்ணாடியில ஒட்டிச் சாயம் விடறேன். அதுல ஒரு சாயம் இருக்கு. விட்டா இரும்பு இருக்கற இடம் மட்டும் நீலமா வரும். ரத்தம் கசிஞ்ச மூளைன்னா நடுவுல ஒரு பொந்து, பொந்தைச் சுத்தி நீலம். பன்னெண்டு வருஷமாப் பாக்கறேன், எல்லாம் முன்பின் தெரியாதவாளோடது. அது பாட்டுக்கு நம்பர் எழுதி வெச்சுட்டுச் சாப்பிடப் போயிடுவேன். நேத்து ட்ரெயின்ல ஷொர்ணூர் தாண்டறச்சே கண்ணை மூடினா அந்த நீலம்தான். அப்பாவோட நீலம். நான் கத்தாம என்ன மாமா பண்ணுவேன்? சொல்லுங்கோ, என்ன பண்ணுவேன்?

— அழாதேடி.

— நான் அழலை அம்மா. எனக்குக் கோவம். உங்க எல்லார் மேலயும். நேத்துக் காலம்பற அப்பா பிரஷர் மாத்திரை போட்டாரா?

— இல்லை.

— ஏன்?

— டப்பாவுல ஆகாரத்துக்கு அப்பறம்னு ஒட்டியிருக்கான். வெளிச்சப்பாடு அன்னிக்குப் பச்சைத் தண்ணி வாயில விடப்படாது. ஆகாரம் இல்லை, அதனால மாத்திரையும் இல்லை.

— அதுக்கு முந்தின நாள்?

— அன்னிக்கு ஏகாதசி.

— கடவுளே! ரெண்டு நாள். ரெண்டு நாள் மாத்திரை இல்லாம, வெறும் வயித்துல, எழுபது வயசு மனுஷனைத் துள்ள விட்டிருக்கேள். இவர்தான் தெரியாதவர், நீ தினம் மாத்திரையை எடுத்துக் குடுக்கறவதானே அம்மா?

— நான்தான் எடுத்துக் குடுப்பேன்.

— அந்த வலது கையைப் போய்ப் பாரு. நேத்து ராத்திரி நான் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தேன். பெட்ஷீட் மாதிரிக் கிடக்கு.

— பஜார் ரோட்டுல மிளகு வந்து இறங்கினா, அவர் அந்தக் கையை மூட்டைக்குள்ள விட்டு ஒரு பிடி எடுத்துப் பாத்துச் சொன்னாத்தான் அடுத்த மூட்டையை ஏத்துவா. மெஷின் வெக்கறதுக்கு முன்னாடி. ஈரம் எத்தனைன்னு சொல்லிடுவார். ஆத்துக்கு வந்து சாதம் பிசைஞ்சா ரசத்துலேயும் மிளகு வாசனை.

— அந்தக் கைக்குத்தான் அம்மா கையெழுத்துக் கேக்கறேன்.

— அக்கா, நீ உறுதியா இரு. அவ வயசுக்குக் கத்தறா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அய்யன் கோவத்துக்கு யார் பதில் சொல்றது? ஜனங்க என்ன சொல்லுவா? கும்பளங்கிலேர்ந்து, திருச்சூர்லேர்ந்து, இந்த ராமபத்ரன் துள்ளறதைப் பாக்கத்தானே வரா. அவர் வந்தப்பறம்தானே இந்தச் சமூகத்துக்கே உயிர் வந்தது. இல்லைன்னா பூட்டிச் சாவியைக் குடுத்திருப்போம்.

— சித்த பேசாம இருங்கோ, ஆஸ்பத்திரிலேர்ந்து போன்... ஆ, சிஸ்டரே, பறயூ... எப்போ?... இடது கண்ணா?... வெளிச்சம் அடிச்சும் சுருங்கலையா?... ஆ... ஆ. டாக்டர் பக்கத்துல இருக்காரா?... இல்லை, வெச்சுடாதீங்கோ, லைன்ல இருங்கோ. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் சிஸ்டர்... அம்மா. இடது கண்மணி பெரிசாயிண்டு வரதாம். வீக்கம் உள்ள அமுக்கறதுன்னு அர்த்தம். இனிமே பதினொண்ணு பத்துகூடக் கிடையாது. இப்போ.

— கையெழுத்து எங்கே போடணும்?

— அக்கா!

— நீ சும்மா இருடா வெங்கிடு. இங்கேயா ஸுப்ரியா?

— அங்க. அப்பறம் கீழே. அடுத்த பக்கத்துல ஒண்ணு... ஆச்சு. போட்டோ எடுத்து அனுப்பறேன். அனுப்பியாச்சு. அம்மா, போன்ல நீ உன் வாயால ஒரு வார்த்தை சொல்லணும். அது போறும், உள்ள எடுத்துண்டு போயிடறேன்னு சொல்லியிருக்கா.

— ஹலோ. நான் விசாலாக்ஷி பேசறேன். ராமபத்ரனோட பார்யை. எனிக்குச் சம்மதம். கொண்டு போங்கோ. யார் போன் பண்ணினாலும் கேக்காதீங்கோ.

— ஆச்சு. தியேட்டருக்குக் கொண்டு போறா. அம்மா, ஆட்டோ வாசல்ல நிக்கறது, கிளம்பு.

— நான் விடமாட்டேன். இப்பவே டாக்டரைக் கூப்பிடறேன். அக்காவைப் பயமுறுத்தி இவ கையெழுத்து வாங்கிட்டான்னு சொல்றேன். அய்யன் இருக்கற உடம்பாக்கும் அது! குடும்பமே அழிஞ்சு போயிடும், தெரியாம ஆடறேள் ரெண்டு பேரும்!

— போனைக் கீழே வை வெங்கிடு. அந்த உடம்புல யாரும் இல்லை.

— என்ன?

— அவர் மட்டும்தான் இருக்கார். எப்பவும் அவர் மட்டும்தான் இருந்தார்.

— என்ன உளர்றே அக்கா?

— நீ செக்ரட்டரியான முதல் வருஷம் ஞாபகம் இருக்கா? பழைய வெளிச்சப்பாடு செத்துப் போயாச்சு. மூணு மணி நேரம் பாடினா. உடுக்கு அடிச்சு அடிச்சு அப்புவோட அப்பாவுக்கு விரல் வெடிச்சுது. யார் மேலயும் வரலை. ஜனங்க செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டா. நீ சமையக்கட்டுல போய் எரிசேரி உருளிக்குப் பக்கத்துல நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதே.

— அப்போதான் அத்திம்பேருக்கு வந்தது. நான் சத்தம் கேட்டு ஓடி வந்தேன்.

— வரலைடா. நீ அழறதைப் பாத்துட்டு வந்தார். என்கிட்டக் ‘குழந்தை மாதிரி அழறான் விசாலம்’னார். போய் வாளை எடுத்தார். அவ்வளவுதான். ஒரு வருஷத்தோட விட்டுடலாம்னுதான் நினைச்சார். அடுத்த வருஷம் நீ மாலையோட வாசல்ல வந்து நின்னே.

— பொய். பொய் சொல்றே. ஆபரேஷனுக்காகப் பொய் சொல்றே. என் பொண்ணு அதிதி கல்யாணத்தையே கல்பனை கேட்டுத்தான் நிச்சயம் பண்ணினேன்! வடக்கேந்து வர வரன், தயங்காதேன்னு அய்யன் வாயால வந்தது!

— பையனைப் பத்தி நான் விசாரிச்சேன். அவர் அண்ணா பொண்ணு அந்த ஊர்லதான் வேலை பாக்கறா, அவளைக் கேட்டேன். நல்ல பையன்னா. முதல் நாள் ராத்திரி அவர்கிட்டச் சொன்னேன். மறுநாள் அவர் சொன்னார். எல்லாக் கல்பனையும் நாங்க ரெண்டு பேரும் சேந்து யோசிச்சு வெச்சதுதான். யார் மனசும் நோகப்படாதுன்னு பாத்துப் பாத்து.

— அந்த வாள் கை மாறுமே... அந்த அடையாளம்...

— கால் வலிக்கறது, போறும், ஜலத்தைக் கொண்டு வான்னு எனிக்குச் சொல்ற அடையாளம். நாங்க ஆத்துல பேசி வெச்சிண்டது.

— நான் வருஷா வருஷம் அவர் கால்ல விழுந்தேனே அக்கா. நமஸ்காரம் பண்ணிட்டு எழுந்திருக்கறச்சே என் தலையில கையை வெச்சிண்டு நிப்பாரே.

— அது பொய் இல்லைடா. அது மட்டும் பொய் இல்லை.

— மாமா, நகருங்கோ. தள்ளுங்கோ அப்படி. அம்மா, என்னைப் பாரு. அப்படின்னா உனக்குத் தெரியுமா?

— ஆட்டோ நிக்கறதுன்னயே, வாடி போலாம்.

— போலாம். முதல்ல சொல்லு. இவா எல்லாரும் சாமின்னு நம்பினா. நம்பினதால நகரலை. முட்டாள்கள், நான் கத்தறேன், இன்னும் கத்துவேன். ஆனா உனக்கு? சாமி இல்லைன்னு இந்த ஹால்லேயே உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். வாய் கோணிப் போனது சாமியால இல்லைன்னு உனக்குத் தெரியும். கையில கிண்டி. ஜலத்தை விட்டு முடிக்கற அதிகாரம் உனக்கு. நாப்பது நிமிஷம் ஏம்மா அந்தத் தூண்கிட்ட நின்னே?

— அக்காவைக் கேக்காதே ஸுப்ரியா. அவ பாவம், முந்தானையால வாயைப் பொத்திண்டு அழுதிண்டிருந்தா. வீடியோவுல இருக்கு.

— ஆமா, இருக்கு. நானும் பாத்தேன். தோள் குலுங்கக் குலுங்க. எதுக்கும்மா அழுதே? வெளியில தெரிஞ்சா அவமானம்னு பயந்தயா? அதுக்காகவா அப்பாவை விட்டே? சொல்லு!

— நான் அழலைடி. வாள் இடது கைக்கு மாறட்டும்னு காத்திண்டிருந்தேன். அவர் அதைக் கீழே போட்டுட்டு, வாயை ஒரு மாதிரி வெச்சிண்டு, புதுசா ஒரு பாஷை பேசறார். எல்லாரும் விழுந்து விழுந்து கும்பிடறா. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் மனுஷன் இவ்வளவு நன்னா நடிக்கறார்னு நினைச்சு, சிரிப்பு வந்துடப் போறதேன்னு வாயைப் பொத்திண்டு நின்னேன்.